முதல் முக்குளிப்பை மறந்துவிட்ட கைக்கடிகாரம் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் கைக்கடிகாரத்தைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: ஸ்மார்ட் வாட்சின் டைவ் கம்ப்யூட்டர் செயலி இரண்டாவது முக்குளிப்பில் தவறான நேர வரம்பைக் காட்டியது – விலையைத் திரும்பப் பெறுதல் மற்றும் பிற வாடிக்கையாளர்களை எச்சரித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த டிசம்பர் மாதம் திருநெல்வேலி சந்திப்பில் உள்ள ஒரு கடையில் தங்கள் நிறுவனத்தின் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை 74,500 ரூபாய்க்கு வாங்கினேன். நடையையும் இதயத் துடிப்பையும் கணக்கிடுவதற்கு இவ்வளவு பணம் செலவழிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. 'இனித் தனியாக டைவ் கம்ப்யூட்டர் வேண்டாம்' என்று தங்கள் விளம்பரம் சொன்னதாலும், ஸ்கூபா பயிற்சி முடித்து, நீருக்குள் எவ்வளவு நேரம் பாதுகாப்பாக இருக்கலாம் என்று கணக்கிடும் அந்த டைவ் கம்ப்யூட்டர் ஒன்றை நானே வாங்க வேண்டிய நிலையில் இருந்ததாலும், அந்த ஒரு வாக்கியத்தை நம்பி வாங்கினேன்.

எதைப் பற்றி நான் புகார் செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆழத்தை இக்கடிகாரம் சரியாகவே காட்டுகிறது. அளவு குறித்த கயிற்றோடு ஒப்பிட்டதில் அரை அடி வேறுபாடுகூட இல்லை. கலங்கிய நீரிலும் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. தொடுதிரை நீருக்குள் வேலை செய்யாது என்பதையும், பொத்தான்களைத்தான் அழுத்த வேண்டும் என்பதையும் அறிந்தே வாங்கினேன். என் புகார் ஒன்றே ஒன்றுதான்: ஒரே நாளில் நான் செய்த இரண்டு முக்குளிப்புகளில் முதலாவதை இக்கடிகாரம் கணக்கிலிருந்து விட்டுவிட்டது, விட்டுவிட்டதை என்னிடம் சொல்லவும் இல்லை.

கடந்த மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் நால்வருடன் தூத்துக்குடியிலிருந்து படகில் சென்றேன். எஞ்சின் கோளாறால் புறப்படவே தாமதமாகி, முதல் முக்குளிப்பை நண்பகல் 12.10-க்குத்தான் தொடங்கினோம். கடலடிப் பாறைத்திட்டான ஒரு பாரின் ஓரமாக இறங்கினோம். அதிகபட்ச ஆழம் 18 மீட்டர், படகில் இருந்தவர்களின் ஆறடிக் கணக்கில் பத்துப் பாகம். 5 மீட்டரில் நின்ற 3 நிமிடம் உட்பட 41 நிமிடத்தில் முறைப்படி மேலே வந்தோம். அதுவரை என் கடிகாரமும் என் இணை முக்குளிப்பாளரின் கையிலிருந்த பழைய டைவ் கம்ப்யூட்டரும் ஓரிரு நிமிட வேறுபாட்டில் ஒரே கணக்கைக் காட்டின. பிறகு படகில் வெயிலில் அமர்ந்திருந்தபோது, என் கடிகாரத்தின் திரை உறைந்து நின்று, தங்கள் நிறுவனத்தின் சின்னம் தோன்றி, அது தானாகவே மறுதொடக்கம் ஆனது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. நேரமும் தேதியும் சரியாக இருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

54 நிமிட இடைவெளிக்குப் பின் 1.45-க்கு மீண்டும் இறங்கினோம். 16 மீட்டரை அடைந்தபோது, மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேறுவதற்காகக் கட்டாயமாக நிற்க வேண்டிய தேவை இன்றி இன்னும் 70 நிமிடம் அங்கே இருக்கலாம் என்று என் கடிகாரம் காட்டியது. நண்பரின் கருவியோ 37 நிமிடம் என்றது. அவர் தம் மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டியிராவிட்டால் நான் எந்தக் கணக்கை நம்பியிருப்பேன் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். இரண்டு கருவிகள் இரண்டு கணக்குச் சொன்னால் குறைந்த கணக்குக்கே கட்டுப்பட வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்திருந்ததால், அவருடைய கருவியின்படியே மேலே வந்தோம். படகில் இருந்த பெரியவர் ஒருவர், இளமையில் சங்கு குளித்தவர், நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, "ரெண்டாந்தரம் எறங்குறவனுக்கு நேரம் கொறையணும்லா தம்பி, ஒங்க கடிகாரம் கூட்டிக் காட்டுதே?" என்றார். தங்கள் பொறியாளர்கள் இதுவரை எனக்குப் பதில் சொல்லாத கேள்வி அதுதான்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்பதையும், அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலின் திசுக்களில் கரைந்து தங்குகிறது என்பதையும், அது போதிய அளவு வெளியேறுமுன் மேலே வந்தாலோ விமானத்தில் பறந்தாலோ குமிழ்களாகி உடலைத் தாக்கலாம் என்பதையும் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இக்கடிகாரம் பயன்படுத்துவதாகத் தங்கள் கையேடு கூறும் பூல்மான் கணக்கு, உடலை 16 திசுப் பிரிவுகளாகக் கொண்டு, 4 நிமிடம் முதல் 635 நிமிடம் வரையிலான அரைக்காலங்களில் (பாதி மாற்றத்துக்கு ஆகும் நேரங்களில்) நைட்ரஜன் ஏறுவதையும் இறங்குவதையும் கணிக்கிறது. 54 நிமிடத்தில் வேகமான பிரிவுகள் பெரும்பாலும் காலியாகிவிடும். மெதுவான பிரிவுகள் ஆகா. அந்த மிச்சத்தைச் சுமந்துகொண்டு இறங்குபவனுக்குத்தான் நேரம் குறைய வேண்டும். முக்குளிப்புப் பயிற்சி அமைப்பான பாடி (PADI) வெளியிட்ட அட்டவணையில் 16 மீட்டருக்கான 72 நிமிட வரம்பு, அன்று கடலில் இறங்கியே இராத ஒருவனுக்கு உரியது. என் கடிகாரம் காட்டியது கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான்.

இதில் எனக்கு மிகுந்த வியப்பளித்தது, கடிகாரத்தின் பதிவேட்டில் அன்றைய இரண்டு முக்குளிப்புகளும் நேரம், ஆழம், இடைவெளி உட்பட முழுமையாக இருப்பதுதான். அழகான வரைபடம் வரைவதற்கு முதல் முக்குளிப்பு நினைவில் இருக்கிறது. என் உடலில் உள்ள நைட்ரஜனைக் கணக்கிடுவதற்கு மட்டும் அது நினைவில் இல்லை.

பிழை கரைக்கு வந்த பிறகும் தொடர்ந்தது. பிற்பகல் 2.25-க்கு நீரிலிருந்து வெளியே வந்த எனக்கு, மறுநாள் காலை, சரியாக 17 மணி நேர இடைவெளியில், தூத்துக்குடி விமான நிலையம் உள்ள வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு விமானம் இருந்தது. ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், ஒன்றுக்கு மேற்பட்டவற்றுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரமும் விமானத்தில் பறக்காமல் இருக்க வேண்டும் என்பது முக்குளிப்போர் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதல். ஒரே முக்குளிப்பு என்று எண்ணிக்கொண்ட என் கடிகாரம் 12 மணி நேரம் போதும் என்றது. நான் பயணச்சீட்டை ரத்துசெய்து, நட்டப்பட்டு, இரவு ரயிலில் சென்றேன்.

இனித் தங்கள் பதில்கள். செயலியில் உள்ள உதவிப் பகுதி, கடிகாரத்தை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்க்கும்படி அறிவுறுத்தியது. மறுதொடக்கம்தான் என் புகாரே என்பது அதற்கு விளங்கவில்லை. வண்ணார்பேட்டையில் உள்ள தங்கள் சேவை மையத்தில் இருந்த இளைஞர் மரியாதையாகவே நடந்துகொண்டார். கண்ணாடியில் கீறல் உண்டா, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "வாட்ச் நல்லா ஓடுதே அண்ணாச்சி, என்ன கம்ப்ளைண்டுன்னு எழுதட்டும்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவத்தில் இந்தக் கோளாற்றுக்குக் கட்டம் இல்லை. மூன்றாவதாக வந்த மின்னஞ்சல் மூன்று செய்திகளைச் சொன்னது: எனக்கு உடல் பாதிப்பு ஏதும் இல்லை, கடிகாரம் 100 மீட்டர் நீர்த்தாங்கு திறன் கொண்டது, ஈஎன் 13319 தரத்துக்கு உட்பட்டது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. அதற்குக் காரணம் நண்பரின் பழைய கருவி. 100 மீட்டர் என்பது உறை தாங்கும் நீரழுத்தத்தைக் குறிக்கும் எண். கணக்குச் சரியா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஈஎன் 13319 தரம் ஆழத்தையும் நேரத்தையும் அளப்பது பற்றியது. நைட்ரஜன் கணக்கு அதன் வரம்புக்குள் வருவதே இல்லை. நான் கேட்ட கேள்விக்குப் பொருந்தாத சான்றிதழைக் காட்டிப் பதிலளித்ததாகவே இதைக் கருதுகிறேன். கையேட்டின் பின்பகுதியில் 'மாற்றுக் கருவி ஒன்றை உடன் வைத்திருக்கவும்' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதையும் சுட்டிக்காட்டியிருந்தீர்கள். மாற்றுக் கருவி வேண்டும் என்றால், தனிக் கருவி வேண்டாம் என்று விளம்பரம் செய்தது ஏன்?

ஆகவே, கடிகாரத்தின் முழு விலையையும், செயலிக்குச் செலுத்திய ஆண்டுச் சந்தாவையும், ரத்தான விமானச் சீட்டின் தொகையையும் எனக்குத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைவிட முக்கியமாக, திசுக் கணக்கு அழிந்துபோனால் அதைத் திரையில் தெளிவாகத் தெரிவித்து, 24 மணி நேரத்துக்கு டைவ் முறையைப் பூட்டி வைக்கும்படி மென்பொருளைத் திருத்த வேண்டும். அதுவரை இந்த வகைக் கடிகாரத்தை வாங்கிய அனைவருக்கும் இக்கோளாற்றை எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இணை முக்குளிப்பாளரும் இதே கடிகாரத்தைக் கட்டியிருந்தால் யார் யாரை எச்சரிப்பது?

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் உரிய பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், குறைபாடுள்ள பொருள் என்றும் தவறான விளம்பரம் என்றும் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். வாடிக்கையாளர் தாம் வசிக்கும் ஊரிலேயே முறையிட அச்சட்டம் இடமளிக்கிறது என்பதால், தங்கள் தலைமையகம் இருக்கும் நகரத்துக்கு நான் வர வேண்டியதில்லை.

இரண்டு கருவிகளின் அன்றைய பதிவுகள், விலை ரசீது, தங்கள் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்துள்ளேன். கடிகாரத்தை எந்த மென்பொருள் புதுப்பிப்பும் ஏற்றாமல் அணைத்து வைத்திருக்கிறேன். தங்கள் பொறியாளர் எவரேனும் நேரில் வந்து பார்க்க விரும்பினால், அன்றிருந்த நிலையிலேயே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.