காணாமல் போனவர் எடுத்த 993 விக்கெட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 31 இதழின் 'வரலாற்றில் இன்று' பகுதியில், "1968: சோபர்ஸிடம் ஆறு சிக்சர் வாங்கி, அதோடு காணாமல் போனார் சுழற்பந்து வீச்சாளர் மால்கம் நாஷ்" என்று அச்சிட்டிருந்தீர்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. தங்கள் சிக்கனத்தைப் பாராட்டுகிறேன்.

நாஷ் இடது கை மிதவேகப் பந்துவீச்சாளர் என்பது தங்களுக்குத் தெரியாததா? வேல்ஸின் ஸ்வான்சியில் அன்று மெதுவாகச் சுழற்றிப் பார்த்தார், மேற்கிந்திய ஆட்டக்காரர் சோபர்ஸிடம் மாட்டிக்கொண்டார். ஒரே ஓவரின் ஆறு பந்தும் சிக்சர். ஐந்தாவது பந்தை ஃபீல்டர் ரோஜர் டேவிஸ் பிடித்தேவிட்டார். பிடித்த கையோடு எல்லைக்கு வெளியே விழுந்ததால் அதுவும் ஆறானது. அந்த இன்னிங்ஸில் நான்கு விக்கெட் எடுத்தவரும் இதே நாஷ்தான்.

காணாமல் போனவர் அடுத்த ஆண்டே, ஒரு தோல்விகூட இல்லாமல் இங்கிலாந்தின் உள்ளூர்ப் போட்டியான கவுண்டி சாம்பியன்ஷிப்பை வென்ற கிளமார்கன் அணியில் இருந்தார். 1975இல் பேசிங்ஸ்டோக்கில் 56 ரன் கொடுத்து ஹாம்ப்ஷயரின் ஒன்பது விக்கெட்டைச் சாய்த்தார். பிறகு அணித்தலைவரும் ஆனார். 1983 வரை ஆடி, முதல்தர ஆட்டங்களில் 993 விக்கெட். இங்கிலாந்து அணிக்கு ஒருநாளும் அழைக்கப்படவில்லை. 1977இல் அதே ஸ்வான்சியில் ஃபிராங்க் ஹேய்ஸ் இவருடைய ஓவரில் 34 அடித்ததையும் நானே சொல்லிவிடுகிறேன். அதைத் தாங்கள் தனியே கண்டுபிடித்து மகிழ வேண்டாம்.

நானும் இடது கை மிதவேகம்தான். மாவட்ட லீக்கில் பதினோரு ஆண்டு பந்து வீசினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்டன் பேச்சைக் கேட்டுச் சுழல் போட்டதில் ஒரே ஓவரில் 26 போனது. எடுத்த விக்கெட்டெல்லாம் யாருக்கும் நினைவில்லை. என் மைத்துனர் மட்டும் இன்றைக்கும் கல்யாணப் பந்தியில், "இருபத்தாறு வந்துவிட்டார், இலை போடுங்கள்" என்கிறார்.

முன்பெல்லாம் கவுண்டி ஸ்கோரைப் பொடி எழுத்திலாவது போட்டீர்கள். அதை எடுத்துவிட்டு, இப்போது ஆட்டக்காரர்களின் முடிவெட்டுக்கு அரைப் பக்கம். இடது கைச் சுழற்பந்து வீச்சாளர் பேடியை, வலது கையால் சுழற்றும் ஆஃப் ஸ்பின்னர் என்று எழுதினீர்கள், பொறுத்துக்கொண்டேன். 2019இல் நாஷ் மறைந்தபோது தாங்கள் வைத்த தலைப்பிலும் அந்த ஆறு சிக்சர்தான். அப்போது நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை, இடமில்லை போலும். அதே வாரம் ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்கு நான்கு பத்தி இடம் இருந்தது.

ஒரு வரித் திருத்தம் போதும். 'சுழற்பந்து' என்பதை நீக்கி 993 என்ற எண்ணைச் சேருங்கள். ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி. அன்றைய இதழில் மட்டும் எனக்கு இரண்டு பிரதி வேண்டும், ஒன்று மைத்துனருக்கு.

இப்படிக்கு,
முப்பத்தெட்டு ஆண்டுகாலச் சந்தாதாரர்,
திண்டுக்கல்.