1893ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதுகிற, தேர்வுக் குறிப்புகள் தயாரிக்கிற, வகுப்பில் நடத்துகிற அன்பர்களுக்கு,

வணக்கம். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தொழில் வளர்ச்சிக் காலம் என்றதும் ராக்ஃபெல்லர், கார்னகி, மார்கன் என்று பெயர்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. 1869இல் கண்டம் கடந்த ரயில் பாதை இணைந்ததைச் சொல்கிறோம். 1887இல் மாநிலங்களிடை வணிக ஆணையம் அமைந்ததைச் சொல்கிறோம். 1893 மார்ச் 2 அன்று குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட்ட ரயில் பாதுகாப்புக் கருவிச் சட்டம் மட்டும் விடுபடுகிறது, அல்லது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரியைப் படிக்கும் மாணவருக்கு எந்த ஆபத்து, எப்படி நீங்கியது என்று ஒன்றும் விளங்காது. அதற்கு ஒரு பக்கமாவது கொடுங்கள் என்று கேட்கத்தான் இம்மடல்.

முதலில் ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் வேலையைக் காட்டுங்கள். அன்றைய சரக்குப் பெட்டியின் இரு முனையிலும் வாய் திறந்த இரும்புத் தலை ஒன்று இருக்கும். ஓரடி போல நீளமுள்ள இரும்பு வளையத்தின் ஒரு பாதியை அந்த வாய்க்குள் விட்டு, மேலிருந்து ஆணியை இறக்கியிருப்பார்கள். மறு பாதி தொங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு பெட்டி உருண்டு வரும்போது, நடுவில் நிற்கும் பிரேக்மேன் (பெட்டிகளைக் கோப்பதும் பிரேக் போடுவதும் இவர் வேலை) அந்த வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, எதிர்த் தலையின் வாய்க்குள் செலுத்த வேண்டும். இரண்டு தலைகளும் மோதுவதற்குள் விரல்களை உருவிக்கொள்ள வேண்டும். உடனே அந்தப் பக்கத்து ஆணியையும் இறக்க வேண்டும்.

தவறு நேர வழிகள் ஏராளம். பாரம் ஏற்றிய பெட்டி தாழ்ந்து நிற்கும், வெற்றுப் பெட்டி உயர்ந்து நிற்கும். வளையம் நேராகப் போகாது. ஒரு கம்பெனியின் ஆணி இன்னொரு கம்பெனியின் துளைக்குப் பொருந்தாது. நகரும் பெட்டியோடு பக்கவாட்டில் நடக்கையில், தண்டவாளங்கள் பிரியும் இடத்து இடுக்கில் காலணி சிக்கினால் வெளியே வர நேரமில்லை. விரல் குறைந்த கை என்றாலே அனுபவமுள்ள பிரேக்மேன் என்று அறிந்துகொண்ட காலம் அது. வளையத்தைத் தள்ளக் குச்சியைப் பயன்படுத்து, ஓடும் பெட்டிகளுக்கு நடுவே போகாதே என்று கம்பெனிகளின் விதிப் புத்தகங்கள் சொல்லின. ஆனால் வேலையின் வேகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கை போனவன் வழக்குக்குப் போனால், ஆபத்தைத் தெரிந்தே ஏற்றவன் என்று நீதிமன்றம் கைவிரித்துவிடும். மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் கணக்குப்படி 1893இல் முடிந்த ஓராண்டில் பெட்டிகளைக் கோக்கும், கழற்றும் வேலையில் மட்டும் இறந்த ஊழியர்கள் 433, காயமடைந்தவர்கள் 11,277.

பிரேக் போடுவதும் கையால்தான். எஞ்சின் டிரைவர் விசில் கொடுத்ததும், ஓடும் ரயிலின் கூரைமேல் பெட்டிக்குப் பெட்டி தாவிப் போய், ஒவ்வொன்றின் பிரேக் சக்கரத்தையும் தடியால் நெம்பித் திருக வேண்டும். பனிக்காலத்தில் நடைபலகை உறைந்திருக்கும். தாழ்வான பாலத்துக்கு முன்னால் கயிறுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். முதுகிலோ தலையிலோ கயிறு பட்டால் உடனே படுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். 1873இல் ஈலை ஜேனி தானியங்கிக் கப்ளருக்குக் (பெட்டிகளைத் தானாகக் கோக்கும் கருவி) காப்புரிமை பெற்றதோடு சிக்கல் தீர்ந்தது என்று எழுதாதீர்கள். இரண்டு கைகளின் விரல்களை மடக்கிக் கொக்கி போட்டுக்கொள்வது போன்ற அமைப்பு அது. மோதினாலே பூட்டிக்கொள்ளும், பக்கவாட்டு நெம்புகோலை இழுத்தால் விடுபடும். அருமையான கருவிதான். ஆனால் பெட்டிகள் ஒரு கம்பெனியின் பாதையிலிருந்து இன்னொன்றின் பாதைக்குப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு கம்பெனி மட்டும் மாற்றினால், புதிய தலையைப் பழைய தலையோடு கோக்க மறுபடியும் வளையம்தான் வேண்டும். அதற்கென்றே புதிய கப்ளரின் விரலில் ஒரு பிளவும் துளையும் விட்டார்கள். பெட்டி உற்பத்தியாளர் சங்கம் 1887இல் ஜேனி வகையைப் பொதுத் தரமாக ஏற்ற பிறகும், கலப்பு நீடித்தவரை பிரேக்மேனின் ஆபத்தும் நீடித்தது.

காற்று பிரேக்கின் கதையும் அப்படியே. கண்டுபிடிப்பாளர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் செய்த முதல் வடிவில், எஞ்சினிலிருந்து குழாய் வழியே காற்றை அனுப்பினால்தான் பிரேக் விழும். குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872இல் அதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத் தொட்டி. குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அது குறைந்தால் மும்முனை வால்வு திறந்து, தொட்டிக் காற்று பிரேக்குக்குப் போகும். ரயில் அறுந்தால் தானே நிற்கும். ஆனால் 1886இல் அயோவாவின் பர்லிங்டனில் 50 பெட்டி சரக்கு ரயிலில் சோதித்தபோது, முன் பெட்டிகள் பிடித்த பிறகும் பின் பெட்டிகள் பிடிக்கவில்லை. அவை வந்து மோதிய மோதலில் ரயிலே குலுங்கியது. வால்வைத் திருத்தி, அழுத்தக் குறைவு கடைசிப் பெட்டிவரை விரைந்து பரவச் செய்த பிறகுதான் நீண்ட சரக்கு ரயிலுக்கு அது உதவியது.

ஆக, கருவி இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. போர்வீரனுக்கு நிகரான உயிராபத்தில் தொழிலாளியை வைத்திருப்பது நம் நாகரிகத்துக்கு இழுக்கு என்று ஹாரிசன் 1889இலேயே நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அயோவாவின் லொரென்சோ காஃபின், விவசாயி, இதற்காகவே ஆண்டுக்கணக்கில் அலைந்தார். அவர்கள் பெற்ற சட்டத்தின் 2ஆம் பிரிவைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துத் தாருங்கள். மோதினாலே தானாக இணையும், மனிதர் பெட்டி முனைகளுக்கு நடுவே போகாமலே கழற்றக்கூடிய கப்ளர் வேண்டும் என்கிறது அது. எந்த நிறுவனத்தின் கருவியையும் அது பெயர் சொல்லவில்லை. மனிதர் எங்கே நிற்கக்கூடாது என்பதைச் சொல்கிறது. 8ஆம் பிரிவு, சட்டத்தை மீறிய பெட்டியால் காயம்பட்டவரை "ஆபத்தை ஏற்றவர்" என்று தள்ளக்கூடாது என்றது.

கெடு 1898 ஜனவரி 1. பிறகு நீட்டிப்பு, மறுபடி நீட்டிப்பு, கடைசியில் 1900 ஆகஸ்ட் 1. நான்கே நாள் கழித்து யூட்டாவின் புரொமான்டரியில், சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி ஊழியர் ஜான்சன் ஓர் எஞ்சினை உணவுப் பெட்டியோடு கோக்கப் போனார். எஞ்சினில் ஜேனி கப்ளர், பெட்டியில் வேறொரு வகையான மில்லர் கொக்கி. இரண்டும் தத்தம் வகையோடு தானாகச் சேரும், ஒன்றோடொன்று சேராது. அவர் வளையத்தை எடுத்தார், கை நசுங்கியது, மணிக்கட்டுக்கு மேலே வெட்ட வேண்டியதாயிற்று. கம்பெனிமீது வழக்குப் போட்டார். எஞ்சின் "பெட்டி" ஆகாது, இரண்டிலும் தானியங்கிக் கருவி இருக்கிறதே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனியை விடுவித்தது. 1904 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டி, ஒன்றோடொன்று தானாகச் சேர வேண்டும் என்பதே சட்டத்தின் பொருள் என்றது. இந்த வழக்கை விட்டுவிடாதீர்கள். கையெழுத்தான நாளுக்கும் சட்டம் உண்மையில் கையைக் காத்த நாளுக்கும் நடுவே பதினோரு ஆண்டுகள் இருப்பதை மாணவர் இதில்தான் பார்க்கிறார்.

ஆணையத்தின் ஆய்வாளர்களுக்கும் இரண்டு வரி வேண்டும். கழற்றும் சங்கிலி முறுக்கிக்கொண்டதா, நெம்புகோல் காணாமற்போனதா, பூட்டுக்கட்டை தேய்ந்ததா என்று ரயில் யார்டு ஒவ்வொன்றிலும் போய்ப் பார்த்தவர்கள் அவர்கள். சங்கிலி ஒன்று அறுந்தாலே பிரேக்மேன் மறுபடியும் நடுவே போக வேண்டியவர்தான்.

படம் வேண்டுமென்றால் தொலைவில் தேட வேண்டாம். நம் சரக்கு ரயில்களிலும் எல்எச்பி எனும் புதிய வகைப் பயணிகள் பெட்டிகளிலும் இருப்பது அதே விரல் வகைக் கப்ளர். நடைமேடையில் நின்றபடியே மாணவர்களுக்குச் சரக்குப் பெட்டியின் முனையைக் காட்டுங்கள். கழற்றும் கம்பி எங்கே முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் முடியாது, பெட்டியின் ஓரத்தில் முடியும்.

அன்புடன்,
ரயில் தொழில்நுட்ப வரலாறு படிப்போர் சிலர்