எட்டும் ஓடுகிறது

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடு.

ஆராய்ச்சிக்காரர்களின் கணக்குகளை வாங்கிப் போட்டுக் கொடுக்கும் பாயிங்க் மென்பொருள், இங்கே உன் அறைக் கணினியில் இத்தனை நாள் அரைகுறையாகத்தான் ஓடியிருக்கிறது. ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்க எட்டு த்ரெட் இருந்தும் நான்கு வேலைதான் நடந்தது. மற்றதெல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தது. இணையதளத்தில் 100 சதவீதம் என்று மாற்றினேன், அசையவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. கணினியிலேயே ஒருமுறை அமைப்பைச் சேமித்துவிட்டால், அப்புறம் இணையதளத்தில் என்ன மாற்றினாலும் அது எடுத்துக்கொள்ளாது. கணினியில் இருக்கும் பாயிங்க் மேனேஜரில் போய்ப் பார்த்தேன், அதிகபட்சம் 50 சதவீத சிபியு என்று இருந்தது. 100 ஆக்கினேன். சிபியு நேரம் என்று இருப்பது வேறு, அதையும் 100 வைத்தேன். கணினியில் யாராவது உட்கார்ந்தால் நிறுத்தச் சொல்லும் டிக்கையும் எடுத்துவிட்டேன். இப்போது எட்டும் ஓடுகிறது. விசிறிச் சத்தம் கூடம்வரை கேட்கிறது.

நமக்கு அந்தக் கணக்குகளை அனுப்பும் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் திட்டம் 2021இல் ஐபிஎம்மிடமிருந்து டொராண்டோவின் கிரெம்பில் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கைமாறியபோது, "நான் இருக்கிற ஊருக்கே வந்துடுச்சுப்பா" என்று போன் செய்தாய். அன்றைக்குத் தெருவில் ஒருவர் விடாமல் சொன்னேன்.

இணையதளத்தில் நம் இருவருக்கும் கணக்கு ஒன்றுதானே, அங்கே நீ வைத்திருக்கும் கணினியும் என் பட்டியலில் வருகிறது. அது கடைசியாக வேலை முடித்து அனுப்பி 43 நாளாகிறது. கெட்டுப்போயிருக்கலாம். வீடு மாறியிருப்பாய். தூசி தட்டிப் பார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி விழிக்காதே.

அந்த 50 தானாக வந்ததில்லை செந்தில். போட்டது நான்தான். அம்மா அடையாறில் இருந்தபோது, சினைப்பைப் புற்றுநோய்க்கும் இதில் கணக்குப் போடுகிறார்கள் என்று சொல்லி நீ நிறுவிக் கொடுத்தாய். நீ விமானம் ஏறிய மாதமே கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டுப் பாதியாகக் குறைத்தேன். நீ கேட்டபோதெல்லாம் "முழுசா ஓடுதுப்பா" என்றேன். அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவளுக்குத் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை, என்னிடமும் கேட்கவில்லை.

பேச நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. உன் கணினியை ஒருதடவை போட்டு விடு. இங்கே தேதி மாறும். அப்பா காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா