மார்ச் 31 வரை சிரிப்பு, ஏப்ரல் 1 முதல் அழுகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த சினிமா கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கர்களுக்குப் படம் சுபமாக முடிய வேண்டும், ரஷ்யர்களுக்கு யாராவது சாக வேண்டும், தெலுங்குக்காரர்களுக்கு ஜோடி சேர வேண்டும், தமிழர்களுக்கு மட்டும் அழுதால்தான் டிக்கெட் காசு செரிக்கும் என்று கட்டுரையாளர் நாடு வாரியாக, மாநிலம் வாரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆந்திர எல்லையோரம் ஒரு தியேட்டரில் பல வருஷம் மேனேஜராக இருந்து கல்லாவையும் கூட்டத்தையும் பார்த்தவனுக்கு இதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

அவர் பெரிய ஆதாரமாகக் காட்டுவது 'விண்ணைத்தாண்டி வருவாயா'. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். 2010 பிப்ரவரி 26 அன்று அது தமிழிலும், 'ஏ மாய சேசாவே' என்ற பெயரில் தெலுங்கிலும் வெளிவந்தது. இரண்டுக்கும் இயக்குநர் கௌதம் மேனன்தான். தமிழில் கார்த்திக்கும் ஜெஸ்ஸியும் பிரிகிறார்கள், தெலுங்கில் சேர்கிறார்கள். இரண்டும் ஓடின. உடனே தமிழன் சோகப் பிரியன், தெலுங்கன் சுகப் பிரியன் என்று எழுதிவிட்டார்கள்.

திருத்தணியிலிருந்து ஆந்திரப் பக்கத்து நகரி அரை மணி நேர பஸ் பயணம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும் கலந்து பேசுகிற குடும்பங்கள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் இங்கே தமிழைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே அந்தப் பக்கம் போய்த் தெலுங்கையும் பார்த்துவிட்டு வந்தார்கள். இங்கே மூக்கைச் சிந்தியவர்கள்தான் அங்கே விசிலடித்தார்கள். "அண்ணே, அங்க சேத்து வச்சுட்டாங்க" என்று டிக்கெட் கவுன்டரில் வந்து எனக்குக் கதை சொன்னதும் அவர்கள்தான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கட்டுரையாளர் கணக்குப்படி, மார்ச் 31 செகண்ட் ஷோ வரை ஜோடி சேர்ந்தே ஆகவேண்டும் என்றிருந்த எங்கள் ஊர்க்காரர்கள், மறுநாள் மேட்னியில் கண்ணீர் கேட்டிருக்க வேண்டும். ம.பொ.சி. போராடி எல்லையை மாற்றினார் என்று படித்திருக்கிறேன். ரசனையையும் சேர்த்து மாற்றினார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தத் தமிழ் முடிவையே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கார்த்திக் எடுக்கும் படத்துக்குள் காதலர்களுக்குக் கல்யாணம் நடக்கிறது. எங்கள் தியேட்டரில் அந்த இடம் வந்ததும் பாதிப் பேர் எழுந்து, இருட்டில் காலால் செருப்பைத் துழாவி, கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். முதல் நாள் கதவு திறக்கும் பையனே ஏமாந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டான். அப்புறம்தான் அது படத்துக்குள் படம் என்று தெரியும். மிச்சத்தை நின்றபடியே பார்த்துவிட்டுப் போவார்கள். கல்யாணத்தைப் பார்த்து எழுந்தவர்கள் முகத்தில் நான் கண்டது முழுத் திருப்தி. அழுவதற்கென்றே வந்த கூட்டம் என்றால் அந்த நிமிஷம் என்னிடம் சண்டைக்கு வந்திருக்காதா?

தெலுங்குக்காரர்கள் சோகத்தைத் தாங்கமாட்டார்கள் என்கிறார். 1953-இல் 'தேவதாசு' படத்தில் நாகேஸ்வர ராவ் குடித்துக் குடித்துச் செத்ததைக் கொண்டாடியவர்கள் யாராம்? 1978-இல் பாலசந்தர் 'மரோ சரித்ரா'வில் ஜோடி இரண்டையும் சாகடித்தார். ஆந்திரத்தில் பிய்த்துக்கொண்டு ஓடியது. சென்னையிலும் தெலுங்கிலேயே, டப்பிங்கூட செய்யாமல், ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1981-இல் அதையே இந்தியில் எடுத்தபோதும் சாவு மாறவில்லை, கூட்டமும் குறையவில்லை. நம் பக்கம் எம்.ஜி.ஆர். செத்தால் படம் படுத்துவிடும் என்று விநியோகஸ்தர்கள் வேதம் போல ஓதுவார்கள். 1956-இல் 'மதுரை வீரன்' மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுத்தான் செத்தான். அந்தப் படம் போட்ட போடு ஊருக்கே தெரியும்.

வெளிநாட்டுக் கதையும் இதேதான். டென்மார்க்கின் நோர்டிஸ்க் கம்பெனி 1913-இல் 'அட்லாண்டிஸ்' எடுத்தபோது ரஷ்யாவுக்கென்று தனியாகச் சோக முடிவு ஒன்றைப் படமாக்கியது உண்மை. ஆனால் அதே ரஷ்யாவில் 1930-களில் அலெக்ஸாண்ட்ரோவ் எடுத்த ஆட்டம் பாட்டுப் படங்கள் சிரிக்கச் சிரிக்க முடிந்தன. அவற்றுக்கும் கூட்டம் வந்தது. இருபது வருஷத்தில் ஒரு நாட்டின் மனசே மாறிவிட்டதா என்ன? 'டைட்டானிக்' நாயகன் மூழ்கியதற்காக எந்த அமெரிக்கனும் வீட்டிலேயே இருந்துவிடவில்லை.

1927-இல் எம்.ஜி.எம். கம்பெனி 'அன்னா கரேனினா' கதையைக் கிரெட்டா கார்போவை வைத்து 'லவ்' என்று எடுத்து, கதையில் சாகிற நாயகி சாகாமல் காதலனோடு சேரும் முடிவையும் தயாரித்தது. எந்த முடிவை ஓட்டுவது என்று அமெரிக்கத் தியேட்டர்காரரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். படித்தபோது பொறாமையாக இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமானால் செகண்ட் ஷோவில் ஒரு பாட்டைத் தூக்குவோம். எங்களுக்கு இருந்த அதிகாரம் அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். முடிவைத் தீர்மானிப்பவர் பணம் போட்டவர். எம்.ஜி., அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பாத மினிமம் கேரண்டி பணம், கொடுத்துப் படத்தை வாங்கியவருக்குப் பயம், அந்தப் பயத்துக்கு 'நம்ம ஜனங்களுக்கு இதுதான் பிடிக்கும்' என்று பெயர். படப் பெட்டி வந்து இறங்கும்போது எங்களுக்கு ஒரு முடிவுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் கைதட்டினால், பார்த்தாயா, நான் அப்பவே சொன்னேனே என்பார்கள். இன்னொன்றைப் போட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று எங்களை யார் கேட்டார்கள்?

ஒரு படம் ஓடுவதற்கும் ஓடாததற்கும் எத்தனையோ காரணங்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு வந்தால் எப்பேர்ப்பட்ட கிளைமாக்ஸுக்கும் குடும்பக் கூட்டம் வராது. ஆடிக் கிருத்திகை அன்றோ தணிகை மலைக்குக் காவடியோடு வந்தவர்கள், கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தால் போதும் என்று எந்தப் படம் போட்டாலும் தியேட்டரை நிரப்பிவிடுவார்கள். தினசரி வசூல் கணக்கான டி.சி.ஆரில் அது ஹவுஸ்ஃபுல் என்றுதான் ஏறும். அதை வைத்துக்கொண்டு பக்தர்களுக்கு எந்த முடிவு பிடிக்கும் என்றும் ஒருவர் கட்டுரை எழுதலாம். என்ன, அவர்களில் பாதிப் பேர் இன்டர்வெல்லுக்கு முன்பே தூங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தியேட்டர் மேனேஜர்,
திருத்தணி