கால்குலஸ் இல்லாத பள்ளியும் தடையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் எம்ஐடி, கால்டெக் போன்ற அறிவியல், தொழில்நுட்பக் கல்லூரிகளில் சேர மதிப்பெண் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எம்ஐடி 2022-இல் எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற பொது நுழைவுத் தேர்வை மறுபடி கட்டாயமாக்கியது, சரி. ஆனால் தானே செய்த கருவியைப் படம்பிடித்து, விளக்கி அனுப்பவும் அங்கே வழி இருக்கிறது. ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, 'போய்ப் படி' என்று தயவுசெய்து விரட்டாதீர்கள்.

பள்ளியில் கால்குலஸ் (நுண்கணிதம்), இயற்பியல், வேதியியல் கிடைக்காதவர்கள் கான் அகாடமி என்ற இணையதளத்தில் இலவசமாகப் படித்து, சான்றுத் தேர்வில் 90 சதவீதம் எடுத்து சேர்க்கைக்குத் தேவையான அந்தப் பாடத் தகுதியைக் காட்டலாம் என்று கால்டெக் 2023-இல் அறிவித்தது. வசதியில்லாத பள்ளிகளின் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆசிரியர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும், அதுவும் கடைசி வருடத்துக்கு முன்பே.

– ஒரு வாசகர்