அகராதி பிடித்தவன் எழுதுவது

தஞ்சாவூர்
ஆடி மாதம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறாய் என்பதை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன். அந்த பிசியோதெரபி பையனைத் திட்டாதே. அவன் மடக்கச் சொன்னால் மடக்கு. என் மச்சினர் வலிக்கிறது என்று பாதியில் விட்டுவிட்டு, இப்போது கல்யாணப் பந்தி எங்கே போனாலும் தனக்கு மட்டும் நாற்காலி கேட்கிறார்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் பால்காரருக்கு மட்டும் இன்னும் திருப்தி இல்லை. அவருடைய மாமனார் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். கடைமடைக்குத் தண்ணீர் போகட்டும், அப்புறம் சந்தோஷப்படலாம் என்கிறார். நியாயம்தான்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, ‘ரிட்டயர் ஆனவனெல்லாம் கோயில் குளம் என்று போகிறான், உனக்கு மட்டும் அகராதி பிடித்துவிட்டது’ என்று. ரொம்பவே ரசித்தேன். உண்மையும் அதுதான். பாதி ஆயுள் கேஷ் கவுண்டரில் நோட்டு எண்ணியவனுக்கு, இப்போது ஒரு தடி இங்கிலீஷ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்கூட மறந்துபோகிறது. போனில் தேடலாமே என்று என் மகன் சொல்கிறான். போனில் கேட்டது மட்டும்தான் வரும். புத்தகத்தில் கேட்காததும் கூடவே வரும். எனக்கு வேண்டியது அந்தக் கேட்காததுதான்.

உன் பேத்தி கேட்டாளே ஒரு சொல், ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு ஆளை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவதற்குப் பெயர் அது. இதற்கெல்லாம் தனியாக ஒரு சொல்லா என்று கேட்பாய். தேவைப்பட்டிருக்கிறது. 1618 மே 23 அன்று பிராக் கோட்டையில், தங்கள் மத உரிமையில் கைவைத்துவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில், புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் மன்னரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகள் இரண்டு பேரை ஜன்னல் வழியாக வெளியே தள்ளினார்கள். பாவம், கூடவே அவர்களுடைய செயலாளரையும் தள்ளிவிட்டார்கள். ஏறக்குறைய 70 அடி உயரம். மூன்று பேருமே பிழைத்துக்கொண்டார்கள்! மாதா தாங்கிப் பிடித்தாள் என்றது ஒரு தரப்பு. கீழே குப்பைமேடு இருந்தது என்றது இன்னொரு தரப்பு. ஐரோப்பாவை நாசமாக்கிய முப்பதாண்டுப் போர் இதிலிருந்துதான் கிளம்பியது. எனக்குப் பிடித்தது அந்தச் செயலாளர் கதை. ஃபாப்ரிசியஸ் என்று பெயர். பின்னால் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தபோது ‘ஹோஹென்ஃபால்’ என்று கொடுத்தார்கள். ஜெர்மனில் அதற்கு ‘உயரத்திலிருந்து விழுதல்’ என்று அர்த்தம். நான் வேலை பார்த்த கிளையில் மாடிப்படியில் உருண்டு விழுந்த ஒருவருக்கு மெடிக்கல் பில்கூட முழுசாகப் பாஸ் ஆகவில்லை.

அந்தச் சொல்லுக்குள் இருப்பது ஃபெனஸ்ட்ரா, லத்தீனில் ஜன்னல். அப்படியானால் ‘விண்டோ’ எங்கிருந்து வந்தது என்று பக்கத்தைப் புரட்டினேன். அன்றைக்குச் சாயங்காலம் போனது அங்கேதான். வடக்கேயிருந்து கப்பலில் வந்து இங்கிலாந்தைக் கொள்ளையடித்து, அப்புறம் அங்கேயே குடியேறிவிட்ட வைக்கிங்குகளின் சொல் அது. ‘விண்ட்’ என்றால் காற்று, ‘அவ்கா’ என்றால் கண். காற்றுக்கண்! இதைப் படித்ததும் எனக்குச் சிலப்பதிகாரம் ஞாபகம் வந்தது. நம் தமிழாசிரியர் இந்திர விழவூர் எடுத்த காதையை மூச்சுவிடாமல் சொல்வாரே, அதில் ‘மான்கட் காலதர் மாளிகை இடங்களும்’ என்று ஒரு அடி வரும். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காலதர் என்பது ஜன்னல், அதுவும் மானின் கண் போன்ற ஜன்னல். அங்கே குளிரில் நடுங்கியவனும் இங்கே பூம்புகாரில் வியர்த்தவனும் சுவரில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு அதைப் பார்த்தபோது காற்றையும் கண்ணையும்தான் நினைத்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

வைக்கிங் வருவதற்கு முன்னால் ஆங்கிலேயர்களிடம் ஜன்னலுக்கு வேறு சொல் இருந்ததாம், ‘கண் துளை’ என்ற அர்த்தத்தில். அது செத்துவிட்டது. ஆனால் அதிலிருந்த துளை மட்டும் சாகவில்லை, மூக்கில் ஒளிந்துகொண்டிருக்கிறது. ‘நாஸ்ட்ரில்’ என்பதன் பின்பாதி அந்தப் பழைய துளைதான். இன்னொரு கிளை ‘த்ரில்’. முதலில் அதற்குத் துளைத்தல் என்றே அர்த்தம். பிறகுதான் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகிற சிலிர்ப்புக்கு வந்தது. நாம் ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்து செகண்ட் ஷோ போனபோது இருந்ததே, அதற்கும் மூக்குத் துளைக்கும் உறவுமுறை உண்டு. யார் நம்புவார்கள்?

நீ நினைப்பதுபோல வாயில் நுழையாத நீளச் சொற்கள் மேல் எனக்குப் பெரிய மோகம் இல்லை. அவை விருந்தாளி வரும்போது மட்டும் வெளியே எடுக்கிற சாமான்கள். 2017இல் சசி தரூர் ‘ஃபராகோ’ என்று ட்வீட் போட்டதும் ஆளாளுக்கு அகராதியைத் தேடி ஓடினார்கள், ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் அதைப் பெரிய பண்டிதச் சொல் என்று நினைத்தார்கள். போய்ப் பார்த்தால் லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். அது தெரிந்த பிறகுதான் எனக்கு அந்தச் சொல்மேல் மரியாதையே வந்தது.

அதைவிடச் சின்னச் சின்னப் பொருளுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள் பார், அது வேடிக்கை. ஷூ லேஸ் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குப்பிக்கு ஆக்லெட். பென்சிலையும் ரப்பரையும் சேர்த்துப் பிடிக்கும் தகரப் பட்டைக்கு ஃபெரூல். இரண்டு புருவத்துக்கும் நடுவே பொட்டு வைக்கிற இடத்துக்கு கிளபெல்லா. இதை என் மனைவியிடம் சொன்னேன். ‘பொட்டே வைக்காதவனுக்கு அந்த இடத்துக்குப் பெயர் எதுக்காம்?’ என்றாள்.

இந்தச் சொற்களைச் சேர்த்தவர்கள் கதையும் கொஞ்சம் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபர்டு அகராதிக்கு 1879இல் ஜேம்ஸ் மர்ரே ஆசிரியரானார். வீட்டுத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு வேலை. எங்கெங்கோ இருந்த வாசகர்கள், தாங்கள் படித்த புத்தகத்தில் ஒரு சொல் வந்த வரியைச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். லட்சக்கணக்கில் சீட்டு. தபால் தாங்காமல், அவர் வீட்டு வாசலிலேயே அஞ்சல் துறை ஒரு தபால் பெட்டி நட்டது. வேலை முடிந்தது 1928இல். அதற்குள் மர்ரே இறந்து 13 வருஷம் ஆகிவிட்டது. இவ்வளவு பேர் பார்த்தும் ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லின் சீட்டுகள் எங்கேயோ தவறிப்போய், 1888இல் வந்த முதல் தொகுதியில் அந்தச் சொல்லே இல்லாமல் போனது. அடிமைப் பெண் என்று அர்த்தம். தொலைவதிலும் அவள்தான் தொலைந்திருக்கிறாள். 1933இல் துணைத்தொகுதியில்தான் இடம் கிடைத்தது.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். வெப்ஸ்டர் அகராதிக்காக 1931இல் ஒரு சீட்டு எழுதினார்கள்: பெரிய ‘டி’ அல்லது சின்ன ‘டி’ என்றால் டென்சிட்டி, அதாவது அடர்த்தி என்பதன் சுருக்கம். இங்கிலீஷில் ‘அல்லது’ என்பதற்கு ‘ஆர்’ தானே? சுருக்கெழுத்துக் கட்டுக்குப் போகவேண்டிய சீட்டு சொற்கள் கட்டில் போய் விழுந்தது. அங்கே இருந்தவர் ‘டி’, ‘ஆர்’, ‘டி’ மூன்றையும் சேர்த்து ‘டோர்ட்’ என்று படித்துவிட்டார். உச்சரிப்பு எழுதினார்கள், பெயர்ச்சொல் என்று போட்டார்கள், 1934 பதிப்பில் அச்சிலும் ஏற்றினார்கள். உலகத்தில் யாருமே பேசாத ஒரு சொல்! 1939இல்தான் ஒரு ஆசிரியர், இதற்கு மூலச்சொல் எதுவும் போடவில்லையே என்று சந்தேகப்பட்டுப் பிடித்தார். எனக்கு இது வேறு பார்ட்டி லெட்ஜரில் ஏறிய வவுச்சர் மாதிரி. கணக்கு டேலி ஆகாமல் ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த ஆசிரியரின் சந்தோஷம் புரியும்.

லெட்ஜர் என்றதும் இன்னொன்று. ‘கேஷ்’ நம் ‘காசு’தான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதில் பாதிதான் உண்மை. இங்கிலீஷில் இரண்டு கேஷ் உண்டு. நான் கவுண்டரில் எண்ணிய கேஷ், பணப்பெட்டி என்ற அர்த்தத்தில் பிரெஞ்சு, இத்தாலி வழியாக வந்தது. இன்னொரு கேஷ், கிழக்கு நாடுகளில் புழங்கிய சில்லறை நாணயத்தின் பெயர். அது நம் காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போனது. கும்பினி காலத்து மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வெள்ளைக்காரக் கணக்கர்கள் அதை கேஷ், ஃபனம், பகோடா என்று எழுதினார்கள். இப்படி உண்மையாகவே நம்மிடமிருந்து போனவை போதும்: கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, மிளகுத் தண்ணீர் மலிகடானி ஆனது. அதிலும் இறைச்சியைப் போட்டுக் கெட்டியாக்கிவிட்டு அதே பெயரில் குடித்தார்கள். மதராஸில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு அதனால் ‘மல்’ என்றே பட்டப்பெயர். இத்தனை இருக்கும்போது இங்கிலீஷ் முழுக்கத் தமிழ்தான் என்று சொல்லி ஏன் நம் மானத்தை நாமே வாங்கவேண்டும்?

இந்தச் சொற்களையெல்லாம் தொகுத்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற அகராதி 1886இல் வந்தது. அதில் நம்மூருக்குப் பங்கு உண்டு. தொகுத்த இரண்டு பேரில் ஒருவர் பர்னெல், இங்கே தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவரே. இன்னொருவர் யூல், இத்தாலியில் பலெர்மோவில் இருந்தார். ஒரே ஒருமுறைதான் நேரில் பார்த்திருந்தார்கள். அப்புறம் எல்லாம் கடிதம்தான். 1872 வாக்கில் பர்னெல், இப்படி ஒரு சொற்பட்டியல் போட உத்தேசம் என்று எழுத, அங்கிருந்து வளர்ந்தது புத்தகம். அச்சில் பார்க்க பர்னெல் இல்லை, 1882இலேயே போய்விட்டார். தலைப்பு என்ன தெரியுமா? மொகரத்தில் ‘யா ஹசன், யா ஹுசேன்’ என்று மாரடித்து அழுவார்களே, அது வெள்ளைக்காரச் சிப்பாய் காதில் விழுந்த விதம்.

கடிதத்தில் பிறந்த சொல்லும் உண்டு. ஹோரஸ் வால்போல் என்ற பிரபுவுக்கு ஃப்ளாரன்ஸிலிருந்து அவர் நண்பர் ஹோரஸ் மான் ஒரு பெண்ணின் உருவப்படத்தை அனுப்பியிருந்தார். 1754 ஜனவரி 28 அன்று வால்போல் அதற்கு நன்றி சொல்லி எழுதுகிறார். அந்தப் பெண்ணின் குடும்பச் சின்னத்தைப் பற்றி ஏதோ ஒரு பழைய புத்தகத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்த உற்சாகம் அவருக்கு. தேடாததைக் கண்டெடுக்கிற இந்த ராசிக்கு ‘செரண்டிப்பிட்டி’ என்று போகிற போக்கில் ஒரு பெயர் வைத்துவிட்டார். செரண்டிப் என்பது அரபுக்காரர்கள் இலங்கைக்கு வைத்திருந்த பெயர். அந்த நாட்டு இளவரசர்கள் மூவரின் கதையிலிருந்து எடுத்தார். காணாமல் போன ஒட்டகத்தைப் பார்க்காமலேயே, அதற்கு ஒரு கண் இல்லை என்று சொல்வார்களே, அந்தக் கதை. நம் அலகேசன் கதையிலும் அந்த ஒட்டகம் வரும். உன் பாட்டி சொல்லி நீயே எனக்குச் சொன்னதுதான். வால்போல் கடிதத்தில் அது ஒட்டகம்கூட இல்லை, கோவேறு கழுதையாகிவிட்டது. கதை படித்துக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும்.

வால்போலும் ஹோரஸ் மானும் 1741க்குப் பிறகு சந்திக்கவே இல்லை. மான் 1786இல் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். இதை உனக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் விஷயத்தில் அப்படி ஆகக்கூடாது. கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி ஏறினால் விடியும்போது தஞ்சாவூர். முட்டி சரியானதும் தை மாதம் வா. மேல் பெர்த் வேண்டாம், லோயர் கேட்டு இப்போதே புக் பண்ணச் சொல். பேத்தியையும் அழைத்து வா, சரஸ்வதி மகாலைக் காட்டுகிறேன். அவள் பள்ளியில் கேட்ட சொற்களை ஒரு தாளில் எழுதி அடுத்த கடிதத்தோடு வைக்கச் சொல். அவள் கையாலேயே எழுதட்டும். நீ எழுதினால் அது எந்த மொழி என்று கண்டுபிடிக்கவே எனக்கு இன்னொரு அகராதி வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்