பசிக்குப் போடும் புகையிலை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் புகையிலைப் பொட்டலங்களைப் பிடித்தார்கள், கடைக்குச் சீல் வைத்தார்கள் என்று செய்திகள் அடிக்கடி வருகின்றன. நல்ல காரியம்தான், பிள்ளைகளைக் காப்பாற்றியே ஆகவேண்டும். ஆனால் வருடக்கணக்காகப் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு வயலில் இறங்குகிற பெரியவர்களைப் பற்றி, அதிலும் பெண்களைப் பற்றி, யாரும் எழுதுவதில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் நடவுக்குப் போகிற அம்மாக்களிடம் ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பசி தெரியாது, இடுப்பு வலி தெரியாது என்பார்கள். காலையில் நீராகாரத்தைக் குடித்துவிட்டு வந்து சேற்றில் குனிந்தால், கரையேறும் வரை வேறு ஆகாரம் கிடையாது. நிக்கோட்டின் பசியை மந்தப்படுத்தும் என்று மருத்துவம் சொல்கிறது, இவர்களுக்கு அது அனுபவத்திலேயே தெரியும். ஆண்களுக்கு பீடி. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர் சும்மா உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்பார்கள், பீடி பற்றவைத்தால் யாரும் கேட்பதில்லை!

அப்புறம் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. பெண் பீடி பிடித்தால் ஊரே பேசும், வெற்றிலையோடு புகையிலை போட்டால் பாட்டி முதல் மருமகள் வரை யாரும் தப்பாக நினைப்பதில்லை. வேதாரண்யம் பக்கம் விளைகிற புகையிலை நமக்கு அந்நியமும் இல்லை.

உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2009-10க்கும் 2016-17க்கும் இடையில் நாடு முழுவதும் புகையிலைப் பழக்கம் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 ஆகக் குறைந்தபோது, தமிழ்நாட்டிலோ 16.2லிருந்து 20 விழுக்காடாக ஏறியிருக்கிறது. நடுவில் 2013இல் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை வந்தும் இந்த நிலை! தடை போட்டால் பொட்டலம் மறையும், பசியும் அலுப்பும் அப்படியே இருக்குமே. பாக்கெட்டில் 85 விழுக்காடு எச்சரிக்கைப் படம் போடச் சொல்கிறார்கள், சரி. காகிதத்தில் மடித்துத் தருகிற துண்டுப் புகையிலையிலும், சில்லறையாக வாங்குகிற ஒற்றை பீடியிலும் என்ன படத்தைப் பார்ப்பது?

விலையும் இப்படித்தான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் சிகரெட்டுக்கு 40 விழுக்காடு என்றும் பீடிக்கு 18 என்றும் முடிவு செய்தது. பீடி சுற்றுகிறவர்களின் பிழைப்பு முக்கியம், மறுக்கவில்லை. அவர்களுக்கு வேறு தொழில் அமைத்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, ஏழை வாங்குகிற நஞ்சை மலிவாக வைப்பது இரக்கம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

அரசால் செய்ய முடிந்தவை இருக்கின்றன. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள், அப்போதே புகையிலை போடுகிறவர்களின் வாயையும் தவறாமல் பார்க்கட்டும். வாய்ப்புற்று ஆரம்பத்திலேயே தெரிந்தால் பிழைக்கலாம், இங்கே பலர் சோறு விழுங்க முடியாமல் போன பிறகுதான் தஞ்சாவூருக்கு ஓடுகிறார்கள். விடுவதற்கான நிக்கோட்டின் சூயிங்கம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். வயலில் காலை பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு சாப்பாடும் அரை மணி ஓய்வும் கொடுப்பதை விவசாயிகள் சங்கங்களே பேசி முடிவு செய்யலாம், இதற்குச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு வந்துவிடும். அதற்கு முன்னால் உங்கள் நிருபர் ஒருவரை நடவு வயலுக்கு அனுப்பி, அந்தப் பெண்களையே பேசவைத்து ஒரு கட்டுரை போடுங்கள். விட நினைப்பவர்களுக்காக 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் அதில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி